கதவைத் திறந்தால் ஓடும் பெட்டி

எங்கள் கம்பெனியில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று ஐஜிபிடி கட்சி. அதற்குத் தலைவர், தொண்டர், போஸ்டர் ஒட்டுகிறவர் எல்லாமே அண்ணன்தான். இன்னொன்று சிலிக்கான் கார்பைடு கட்சி. அதில் நான் ஒருத்தி மட்டும். முதலாளி எந்நேரமும் கூட்டணிக்கு அலைகிறவர்.

கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். திருவாண்டார்கோயிலில் பெரிய தொழிற்சாலைகள் எல்லாம் முடிந்த பிறகு, கரும்புக் கொல்லை ஆரம்பிக்கிற இடத்தில் தகரம் போட்ட ஒரு கொட்டகை. பெரிய மோட்டார்களை வேண்டிய வேகத்தில் ஓட்டுவதற்கான டிரைவ் பெட்டிகளை அங்கே செய்கிறோம். பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி. அதற்குள் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்பும் சுவிட்சுகள். அந்தச் சுவிட்சு எதுவாக இருக்க வேண்டும் என்பதில்தான் எங்கள் அரசியல்.

அண்ணன் எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. மணப்பட்டுக்காரர். மீனவர் குடும்பத்தில் பிறந்து, கடலுக்குப் போகாமல் ஐடிஐ படித்துவிட்டு இந்தக் கொட்டகைக்கு வந்தவர். பெட்டி, செம்புப் பட்டை, ஃபேன், போல்ட்டு எல்லாம் அவர் பொறுப்பு. போர்டும் புரோகிராமும் என் பொறுப்பு. சந்தோஷமாக இருந்தால் என்னை 'யம்மா' என்பார். கோபமாக இருந்தால் 'மேடம்'. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பெயரே மேடம் என்றுதான் டீக்கடைக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணனின் ஐஜிபிடி சுவிட்சைக் குறை சொல்லக் கூடாது. நல்ல பாரம் தாங்கும். விலை குறைவு. லேசில் சாகாது. ஒரே கெட்ட பழக்கம், அணையச் சொன்னால் உடனே அணையாது. 'போய்ட்டு வரேன்' என்று எழுந்துவிட்டு, வாசல் கேட்டைப் பிடித்தபடி அரை மணி நேரம் பேசுகிற உறவுக்காரர்களைப் போல, கொஞ்சம் மின்சாரம் போகாமல் நின்றுகொண்டிருக்கும். அந்தக் கொஞ்சம்தான் சூடாக மாறும். என்னுடைய சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் அப்படி இல்லை. திற என்றால் திறக்கும், மூடு என்றால் மூடும். விலையைக் கேட்டால்தான் முதலாளிக்கு மயக்கம் வரும்.

"யானை வெலைக்கு எறும்பு வாங்கச் சொல்றீங்க மேடம்," என்பார் அண்ணன்.

"உங்க ஆளு தூங்கி எழுந்து கதவ மூடுறதுக்குள்ள அந்தச் சூட்டுல தோச சுட்டுடலாம்ணா," என்பேன் நான்.

முதலாளி வில்லியனூரில் மூன்று தலைமுறையாக மளிகைக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவர். எந்தச் சண்டையையும் எடை போட்டுத் தீர்த்துவிடுவார். ஒரு நாள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "ரெண்டையும் போடுங்க. சீப் சாமான் நெறைய, காஸ்ட்லி சாமான் கொஞ்சம். ஒண்ணா சேர்த்துக் கட்டுங்க. ஆச்சு," என்றார். மிக்சர் பொட்டலத்தில் முந்திரி போடுகிற கணக்குதான் அது. வெளிநாடுகளில் பெரிய படிப்பு படித்தவர்கள் எல்லாம் பல வருஷமாக இதைத்தான் செய்துபார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் ஏதோ கண்டுபிடித்துவிட்ட பெருமை வழிந்தது. சம்பளம் கொடுக்கிறவருடைய பெருமையை எதற்குக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். இன்று வரைக்கும் அது தன் கண்டுபிடிப்பு என்றுதான் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சேர்த்துக் கட்டுவது அவர் சொன்ன மாதிரி 'ஆச்சு' என்று ஆகிவிடவில்லை. எங்கள் அப்பா வில்லியனூரில் அரிசி மண்டி வைத்திருந்தார். குடோனில் கதவு திறக்க ஒருவர், மூட்டை தூக்க ஒருவர். கதவுக்காரர் முதலில் திறக்க வேண்டும். பிறகுதான் மூட்டைக்காரர் உள்ளே வர வேண்டும். போகும்போது மூட்டைக்காரர் முதலில் வெளியேறி, கடைசியில் கதவுக்காரர் மூட வேண்டும். இந்த இரட்டைச் சுவிட்சும் அதேதான். சுறுசுறுப்பான மாஸ்ஃபெட் முதலில் திறந்து கடைசியில் மூடும். நடுவில் பாரத்தையெல்லாம் ஐஜிபிடி சுமக்கும். கதவுக்காரர் கொஞ்சம் அவசரப்பட்டாலும் மூட்டைக்காரர் கதவு நிலையில் மாட்டிக்கொள்வார். கொஞ்சம் அசந்து நின்றால் மொத்த பாரமும் கதவுக்காரர் தலையில் இறங்கும். அந்த நேரக் கணக்கைச் சரிசெய்யச் சில மாதங்கள் ஆயின. அதுவரை கொட்டகையில் அவ்வப்போது 'பட்' என்று ஒரு சத்தம் கேட்கும். கருகிய வாசனை வரும். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எறும்பா, யானையா?" என்று கேட்பார்.

பெரும்பாலும் எறும்புதான், அதாவது என் மாஸ்ஃபெட். கருகியதைப் பிடுங்கிவிட்டு அடுத்ததை மாட்டுவேன்.

ஒருவழியாகப் பெட்டி ஓட ஆரம்பித்தது. நாள் முழுக்க ஓடியும் கை வைத்தால் வெதுவெதுப்புதான். முதல் பெட்டியை யாருக்குக் கொடுப்பது என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் போய் நின்றார்.

"எங்க அக்கா வூட்டு ஐஸ் கம்பெனிக்குக் குடுங்க மொதலாளி."

எனக்குக் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று இருந்தது. "இன்னாணா, இது வெளங்காதுன்னு சொல்லிட்டிருந்தீங்களே?"

"வெளங்காதுன்னு நான் எப்ப சொன்னேன்? வெல ஜாஸ்தின்னுதான் சொன்னேன்," என்றார். இரண்டையும் தினம் சொல்லிக்கொண்டிருந்தவர்.

காரணம் இருந்தது. மணப்பட்டுப் பக்கம் அவருடைய அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் ஒரு ஐஸ் கம்பெனி நடத்திவந்தார்கள். முந்தைய வருஷம் அக்கா வீட்டுக்காரர் தவறிப்போனார். உறவுக்காரர்கள் விற்றுவிடச் சொன்னார்கள். அக்கா, "நானே ஓட்டறேன்," என்றுவிட்டார். ஒரு பொம்பிளை, அதுவும் தாலி இழந்தவள், மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு ஐஸ் கொடுப்பதா என்று ஊரில் முணுமுணுத்தார்கள். இந்த நிலைமையில், மீன்பிடித் தடைக்காலம் நடக்கும்போது, உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கம்ப்ரசர் மோட்டாரின் பழைய டிரைவ் பெட்டி செத்துப்போயிற்று.

தடைக்காலத்தில் பெரிய படகுகள் கடலுக்குப் போகாது. அது முடிகிற முதல் நாள்தான் எல்லாம். அன்றைக்கு எந்தக் கம்பெனி ஐஸை ஏற்றிக்கொண்டு போய் நல்ல மீன்பாடு கிடைக்கிறதோ, அந்த வருஷம் முழுக்க அந்த ஐஸ்தான். கைராசி என்பார்கள். முதல் நாள் ஐஸ் கொடுக்க முடியாமல் போனால் படகுக்காரர்கள் கடலூருக்கு லாரியைத் திருப்பிவிடுவார்கள். பிறகு வருஷம் பூராவும் அந்தப் பக்கம்தான். அக்காவைப் பொறுத்தவரை முதல் நாள் தவறினால் கம்பெனியை மூடிச் சாவியைக் கொடுக்க வேண்டியதுதான். அண்ணன் அவரிடம், "கவலப்படாத, என் பொறுப்பு," என்று சொல்லியிருந்தார்.

முதலாளி சரி என்றதும், அந்தப் பெட்டிக்காக அண்ணன் செய்த அலங்காரத்தைச் சொல்ல வேண்டும். சொந்த மகளுக்குச் சீர் பீரோ எடுக்கிறவர்கூட அவ்வளவு பார்க்க மாட்டார். உப்புக் காற்று அதிகம் புகக் கூடாது என்று, காற்று உள்ளே போக முன் கதவின் நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மட்டும் சாளரம் வைத்தார். சாய்வான தகடுகள் அடுக்கியது. பின்னால் வடிகட்டித் துணி. உச்சியில் இருக்கும் ஃபேன் காற்றை இழுத்து மேலே தள்ளும். "மூக்கு இன்னா அழகா கீது பாரு யம்மா," என்று தடவித் தடவிப் பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஐஸ் கம்பெனியில் பெட்டியை நிறுத்தி, கம்ப்ரசரை ஓட்டிக் காட்டினோம். அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீர், அதற்குள் வரிசையாகத் தண்ணீர் நிரப்பிய தகர டின்கள். உப்புத் தண்ணீர் குளிர்ந்துகொண்டே போனால் டின்னில் உள்ள தண்ணீர் ஓரத்திலிருந்து உறைந்து, கடைசியில் நடுவும் உறைந்து, ஒரு முழு ஐஸ் பாராக வெளியே வரும். நடுவில் மிஷின் நின்றால் பாரின் வயிறு காலியாகவே இருக்கும்.

அக்கா நெற்றியில் திருநீறு மட்டும் வைத்திருந்தார். குரல் மட்டும் கம்ப்ரசரையே அதட்டுகிற குரல். ஊர் அம்மன் கோயிலிலிருந்து வந்த சாமந்திச் சரத்தைப் பெட்டிக் கதவில் கட்டி, சூடம் காட்டினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அண்ணன் என்னைப் பார்த்து, "எறும்புக்கும் சேத்து வேண்டிக்க மேடம்," என்றார்.

அன்றும் மறுநாளும் பெட்டி அருமையாக ஓடியது. அடுத்த நாள் விடியும்போது அக்காவிடமிருந்து போன். மிஷின் நின்றுவிட்டது.

கம்பெனி வேனில் ஏம்பலம், பாகூர் வழியாக ஓடினோம். பெட்டியின் திரையில் 'சூடு அதிகம்' என்று இருந்தது. கதவைத் திறந்து, இரண்டு சுவிட்சிலும் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று பார்க்க ஒயர்களை மாட்டி, மறுபடி ஓட்டினோம். நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சூடும் இல்லை, ஒன்றும் இல்லை. நல்ல பிள்ளையாக ஓடியது. கதவை மூடிவிட்டு சாயங்காலம் கிளம்பினோம்.

அண்ணனுக்குச் சந்தேகம் எறும்பின் மேல். எனக்கு யானையின் மேல். "உங்க ஆளு கெளம்பாம நிக்கிறாரு, என் ஆளு தலையில பாரம் எறங்குது," என்றேன். "உங்க ஆளுக்கு ஒடம்புல தெம்பு இல்ல மேடம், அதான் விஷயம்," என்றார். பாகூர் ஏரிக்கரை வரும்வரை சண்டை.

மறுபடியும் நின்றது. மறுபடியும் ஓடினோம். மறுபடியும் கதவைத் திறந்ததும் ஓடியது. இரண்டு சுவிட்சுகளுக்கும் நடுவே விடுகிற நேரத்தைக் கொஞ்சம் கூட்டினேன், கொஞ்சம் குறைத்தேன். எதைச் செய்தாலும் நாங்கள் இருக்கும்வரை நன்றாக ஓடி, நாங்கள் போனதும் நின்றது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"இன்னாடா இது, நீங்க வந்தா ஓடுது, போனா நிக்குது? வாத்தியார் இருந்தாதான் படிப்பேன்னு அடம் புடிக்குதா?"

அவருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கண் பட்டுவிட்டது. ஊரே வந்து புதுப் பெட்டியை வேடிக்கை பார்த்தால் படாமல் என்ன செய்யும்? எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டினார். அடுத்த முறை நின்றபோது வேப்பிலைக் கொத்து சேர்ந்தது. அதற்கடுத்து, படிகாரம் தொங்கவிட்ட கறுப்புக் கயிறு. அந்தச் சாளரத் தகடுகள் கட்டுவதற்கு அவ்வளவு வசதி, எங்கே வேண்டுமானாலும் நூலை நுழைக்கலாம். நாங்கள் வந்து கதவைத் திறக்கும்போது இவையெல்லாம் கதவோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். எங்கள் கண் உள்ளே இருக்கிற சுவிட்சுகளின் மேல்தான்.

எங்கள் முதலாளி கடவுள் பக்தியில் அக்காவுக்குக் குறைந்தவர் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு ரோஜா மாலை வாங்கி என்னிடம் கொடுத்தனுப்பினார். நடுவில் துளசியும் ஜிகினாவும் வைத்து என் கை பருமனுக்குக் கட்டிய மாலை. அமைச்சருக்குப் போட்டால் அமைச்சரே திணறுவார். மடியில் வைத்துக்கொண்டு வேனில் போனேன். அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு மடிப்பாக மடித்துக் கதவில் மாட்டினார். அன்றைக்கு நாங்கள் கிளம்பிப் பாகூர் தாண்டுவதற்குள் போன் வந்துவிட்டது. அதுவரைக்கும் அவ்வளவு சீக்கிரம் நின்றதே இல்லை.

வேனைத் திருப்பினோம். மறுநாள் சாயங்காலம் ஐஸ் ஏற்ற வேண்டும். அதற்கடுத்த விடியலில் படகுகள் கிளம்பும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே படகுக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஊரில் அவருக்குத்தான் படகுகள் அதிகம். அவர் எங்கே ஐஸ் ஏற்றுகிறாரோ மற்றவர்களும் அங்கேதான் ஏற்றுவார்கள். ஒரு டின்னைத் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தார். பார் ஓரமெல்லாம் கண்ணாடியாக இருந்தது. நடுவில் விரல் விட்டால் தண்ணீர்.

"நான் கடலூருக்கு ஒரு வார்த்த சொல்லி வெச்சிடறேன்மா. தப்பா எடுத்துக்காத," என்றார் அக்காவிடம்.

அக்கா டின்னைத் திரும்ப இறக்கச் சொல்லிக் கையை மட்டும் காட்டினார். அந்தக் குரல் முதல் தடவையாக வெளியே வராமல் நின்றது. அண்ணன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் படகுக்காரர் மேல் வந்த கோபம், யாராவது குறுக்கே வந்திருந்தால் அவர்கள் மேல் பாய்ந்திருக்கும்.

வழக்கம் போல அண்ணன் கதவைத் திறக்கப் போனார். "திறக்காதீங்கணா," என்றேன்.

"ஏன்?"

"நாம வந்தா ஓடுது. வந்து நாம இன்னா செய்யறோம்? மொதல் வேலையா கதவத் தொறக்கறோம். இந்தத் தடவ மூடியே ஓட்டுங்க."

கம்ப்ரசர் கிளம்பியது. ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப்போட்டு, மூடிய கதவுக்கு எதிரில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் ஒரு பெட்டியை வெளியிலிருந்து அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. மாலை, வேப்பிலை, எலுமிச்சை, கயிறு. மங்களகரமாகத்தான் இருந்தது. மேலே ஃபேன் சுற்றச் சுற்ற, ஒரு ரோஜா இதழ் உதிர்ந்தது. கீழே விழவில்லை. அப்படியே தகட்டில் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று உதிர்ந்தது. அதுவும் ஒட்டியது. எழுந்து போய் மாலையை லேசாகத் தூக்கினேன். வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது.

பெட்டியின் மூக்கை நாங்கள் பூவால் அடைத்து வைத்திருந்தோம். ஒவ்வொரு முறை நின்றதும் இன்னும் கொஞ்சம் அடைத்தோம். கதவைத் திறந்தால் மூச்சு விட்டது, மூடினால் திணறியது. யானையும் எறும்பும் சண்டையே இல்லாமல் சேர்ந்து உழைத்துக்கொண்டிருந்தன. அந்த மாலைக்குப் பின்னால் எந்தச் சுவிட்சைப் போட்டிருந்தாலும் நின்றுதான் போயிருக்கும்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. என் டிசைனில் ஒரு தப்பும் இல்லை என்று பாகூர் வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். திரும்பினேன். அண்ணன் எனக்குப் பின்னால் நின்று அந்த இதழ்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார், வேண்டாம் என்று. பிறகு சத்தமாகச் சொன்னார்:

"அக்கா, என் தப்புதான். பெட்டிய தப்பா செஞ்சுட்டேன்."

"இன்னாடா தப்பு?"

"காத்து போற வழிய சின்னதா வெச்சுட்டேன். அதான் சூடாவுது. இப்பவே சரி பண்ணிடறேன்."

படகுக்காரர் சிரித்தார். "ஒரு பொட்டி கூட ஒழுங்கா செய்யத் தெரியலியா? கடலுக்கும் வரல, இதும் வரலன்னா இன்னாதான்டா வரும் உனக்கு?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஆயிரம் தடவை அந்த மூக்கைத் தடவிப் பார்த்த மனுஷன். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அக்கா கட்டிய பூவால் மிஷின் நின்றது என்று அந்தப் படகுக்காரர் காதில் விழுந்தால் போதும். அவள் கை பட்டதும் நின்றுபோயிற்று என்று ஊர் பேசும். அதற்குப் பிறகு யார் அந்த ஐஸைத் தொடுவார்கள்?

கதவின் உச்சியில், சாளரத்துக்கு எட்டாத உயரத்தில், டிரில் போட்டு ஒரு கொக்கி மாட்டினார். பூ, வேப்பிலை எல்லாவற்றையும் பக்குவமாக எடுத்து அங்கே தொங்கவிட்டார். வடிகட்டித் துணியில் ஒட்டியிருந்த இதழ்களைத் தட்டிவிட்டார். இப்போது எங்கள் கம்பெனியிலிருந்து போகிற ஒவ்வொரு பெட்டியின் உச்சியிலும் அந்தக் கொக்கி உண்டு. டிராயிங்கில் முறையாக அளவு போட்டிருக்கிறேன். அது எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், பாதுகாப்புக்கு என்று சொல்வேன்.

பெட்டி நிற்கவில்லை. மறுநாள் சாயங்காலம் வரை ஒரே மூச்சாக ஓடியது. கிரேன் டின்களைத் தூக்கி, வெளியே சாதாரணத் தண்ணீரில் முக்கிக் கவிழ்த்ததும், பார்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. படகுக்காரர் குத்தூசியால் ஒரு பாரின் நடுவில் ஓங்கிக் குத்திப் பார்த்தார். ஊசி உள்ளே போகவில்லை. முகத்தில் திருப்தி தெரிந்தது. வாசலில் அவருடைய லாரி நின்றது. கூடவே, எதற்கும் இருக்கட்டும் என்று கடலூரிலிருந்து ஐஸோடு வந்த இன்னொரு லாரியும் நின்றது.

முதல் பாரை அந்த வீட்டு ஆம்பிளை ஏற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கம். அக்கா வீட்டுக்காரர் இருந்தவரை அவர்தான் ஏற்றினார். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொக்கிக் கம்பியை எடுத்தார்.

"இவன் வேணாம்," என்றார் படகுக்காரர். "செஞ்ச பொட்டியே தப்புன்னு அவன் வாயாலயே சொன்னான். மொத நாளு. அந்தக் கை வேணாம்மா. வேற யார்னா ஏத்தட்டும். இல்லன்னா அந்த லாரியிலயே ஏத்திக்கறேன்."

அண்ணன் கம்பியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கினார். முகத்தில் ஒன்றுமே இல்லை. வேறு யாரோ ஏற்றட்டும், அக்கா பிழைத்தால் போதும் என்பது போல நின்றார். உண்மையைச் சொன்னால் அக்கா போச்சு, சொல்லாவிட்டால் இவர் போச்சு. வாயைத் திறக்கிற உரிமை எனக்கு இல்லை.

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"பொட்டியில ஒரு தப்பும் இல்ல. நான் கட்டின பூவுதான் அத அடச்சுச்சு."

அண்ணன், "அக்கா, சும்மா இரு," என்றார்.

"நீ சும்மா இருடா. பூவ எடுத்து மேல கட்டினதும் ஓடுது. இது தெரியாத அளவுக்கு நான் இன்னா கொழந்தையா?" படகுக்காரர் பக்கம் திரும்பினார். "என் கைதான் ஆவாதுன்னு நீங்க சொல்வீங்கன்னு, அவன் தப்ப அவன் தலையில போட்டுக்கினான். சொல்றதுன்னா என்னச் சொல்லுங்க. அவன் கையில கொற இல்ல. அவன் ஏத்தலன்னா இங்க இருந்து ஒரு பாரும் போவாது. கடலூர் லாரியிலயே ஏத்திக்குங்க."

ஐஸிலிருந்து புகை மாதிரி குளிர் ஏறிக்கொண்டிருந்தது. கடலூர் லாரி டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்வதா வேண்டாமா என்று எட்டிப் பார்த்தார். படகுக்காரர் குத்தூசியால் தரையைக் கிளறிக்கொண்டே நின்றார்.

"அம்மன் கோயிலு பூவத்தானம்மா கட்டின," என்றார் கடைசியில். "அம்மன் பூவக் கட்டின கைய நான் இன்னான்னு சொல்றது? சொன்னா நான் கடலுக்குப் போய்த் திரும்ப வேணாமா?" பிறகு, விட்டுக்கொடுத்தது போலவும் ஆகக் கூடாது என்று, "சீக்கிரம் ஆவட்டும், ஐஸு கரையுது," என்று தன் லாரிக்காரரைப் பார்த்துக் கத்தினார்.

அக்கா தம்பியைப் பார்த்தார். "இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? ஏத்துடா."

அண்ணன் கம்பியை எடுத்து முதல் பாரில் மாட்டி இழுத்தார். கடலுக்குப் போகாதவன் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய மனுஷன், அந்த ஊர்ப் படகுகளுக்கான முதல் ஐஸைத் தன் கையால் லாரியில் தள்ளினார். தள்ளிவிட்டு அந்தப் பக்கமே திரும்பி நின்றுகொண்டார், தோள் குலுங்கியது. எனக்கும் கண்ணீர் வந்தது, மறைக்கவில்லை. அக்கா மட்டும் அழவில்லை. அவருக்கு ஏது நேரம்? அடுத்த டின்னை இறக்கச் சொல்லி கிரேன்காரரை அதட்டிக்கொண்டிருந்தார், கம்ப்ரசர் சத்தத்தையும் மீறி.